அட்டையில் இல்லாத நிமிடம்

கேமராவை மேசைமேல் வைத்த பிறகும் அமுண்ட் அதிலிருந்து கையை எடுக்கவில்லை. எடுத்தால் ராக்னா அங்கேயே அதைத் திறந்துவிடுவாள் என்று பயந்தார் போலிருக்கிறது. நல்ல கதை! பதினாறு வருஷமாக ரியூக்கன் ஊர்ப் பத்திரிகையின் இருட்டறையே கதி என்று கிடப்பவள், வெளிச்சத்தில் வைத்துப் பிலிமைத் திறப்பாளா? வேறு நாளாயிருந்தால் இதைச் சொல்லியே அவரை ஒரு வழி பண்ணியிருப்பாள். இன்று அவள் கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது அவள் புருஷனின் கேமரா. வார் அறுந்த இடத்தில் தூண்டில் நரம்பால் அவன் போட்ட தையல் அப்படியே இருந்தது. லென்ஸ் வளையத்தின் இடுக்கிலிருந்து பனி உருகி மேசையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"சொல்றதைக் கேளும்மா," என்றார் அமுண்ட். "ஐவின் உயிரோட இருக்கான். நேத்து சாயங்காலம் ஆறு மணிக்கு இருந்தான். அதுவரைக்கும்தான் எனக்குத் தெரியும்."

அமுண்ட் உரத் தொழிற்சாலையில் குழாய் வேலை பார்ப்பவர். மலையில் யாராவது தொலைந்தால் தேடப் போகும் குழுவுக்கு அவர்தான் தலைவர். இருபது வருஷத்தில் அவர் கீழே கூட்டிவந்தவர்களில் பாதிப்பேர் நடந்து வந்தார்கள், பாதிப்பேரைச் சுமந்து வந்தார்கள். ஊரில் எல்லோருக்கும் இந்தக் கணக்கு தெரியும். அதனால் விடிகாலையில் அவர் ஒரு வீட்டுக் கதவைத் தட்டினால் அந்த வீட்டுப் பெண்ணுக்கு உயிரே போய்விடும். ராக்னாவுக்கும் போனது. பனிச்சறுக்குக்குப் போனவன் ராத்திரி மலைக்குடிலில் தங்கிவிட்டான் என்று நினைத்துக்கொண்டு அவள் அரைகுறையாகத் தூங்கியிருந்தாள்.

நடந்தது இவ்வளவுதான். ஐவின் அந்தப் பத்திரிகையின் புகைப்படக்காரன். ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்துக்குப் படம் எடுக்கிறேன் என்று, பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் ஸ்வெர்ரேயைத் துணைக்கு அழைத்துக்கொண்டு நேற்றுக் காலை மலைக்குப் பின்பக்கம் போனான். இன்று காலை நாலு மணிக்குப் பனி அள்ளும் வண்டிக்காரர் ரோட்டில் ஸ்வெர்ரேயை மட்டும் பார்த்தார். ஒற்றைச் சறுக்குக் கட்டையோடு, கழுத்தில் கேமராவோடு, தள்ளாடிக்கொண்டு வந்தாராம். வண்டியில் ஏற்றியதும் நாலு வார்த்தை சொன்னார். அத்தோடு நினைவு தப்பிவிட்டது. சாயங்காலத்துக்கு முன்னால் கண் திறக்க மாட்டார் என்று ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள்.

"என்ன நாலு வார்த்தை?" என்றாள் ராக்னா.

"'பிளவுக்குள்ள விழுந்துட்டான். பாறை மேடையில உக்காந்து கத்துறான். எடம் சொல்லத் தெரியல. ஆறு மணிக்குப் படம் எடுத்திருக்கேன்.' அவ்வளவுதான்." அமுண்ட் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். "பின்பக்கம் எட்டுப் பிளவு இருக்கும்மா. என்கிட்ட பதினெட்டு ஆளு. பன்னெண்டு மணிக்கு மூடுபனி இறங்கும்னு ரேடியோவில சொல்லிட்டாங்க. காத்தும் மாறுது. பனி சரிய ஆரம்பிச்சா ஒருத்தனையும் மேல விடமாட்டேன். ஏற்கெனவே ஒரு ராத்திரி வெளிய கெடந்திருக்கான். இன்னொரு ராத்திரி தாங்கமாட்டான். எந்தப் பிளவுன்னு எனக்குத் தெரியணும். அது இதுக்குள்ள இருக்கு."

ராக்னா கேமராவைக் கையில் எடுத்தாள். எண்ணிக்கை முள் இருபத்து மூன்றில் நின்றது. பிலிமின் வேகம் நானூறு. ஷட்டர் ஐநூற்றில் ஒரு பங்கு நொடி. லென்ஸின் துவாரம் எட்டு; எண் கூடக்கூடத் துவாரம் சுருங்கும். 

அது நடுப்பகல் வெளிச்சத்துக்கு வைத்த அளவு. பனிமேல் மேகம் வெளுத்துக் கிடக்கும் நேரத்துக்குச் சரியான அளவு. சாயங்காலம் ஆறு மணிக்கு, சூரியன் விழுந்த பிறகு, ஒரு பிளவுக்குள்ளே இருக்கும் ஆளை எடுப்பதற்கா இது? எப்படி நடந்திருக்கும் என்று அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. ஐவின் தன் கேமராவை யாரிடமும் தரமாட்டான். தான் சறுக்கும் அழகைத் தானே பார்க்கவேண்டும் என்ற ஆசை வந்தால் மட்டும் தருவான். அப்போதும் எல்லாவற்றையும் தானே வைத்து, "எதையும் தொடாதே, இதை மட்டும் அமுக்கு" என்று சொல்லித்தான் தருவான். ஸ்வெர்ரே கணக்கு வாத்தியார். சொன்னதைச் சொன்னபடி செய்கிற ஆசாமி. ஐவின் விழுந்தான், பொழுது சாய்ந்தது, அந்த மனுஷர் கடைசிவரை எதையும் தொடாமல் அமுக்கியிருக்கிறார்! ஒழுங்காய் நடந்துகொள்பவர்களை நினைத்து ராக்னாவுக்கு இவ்வளவு ஆத்திரம் இதற்குமுன் வந்ததில்லை.

"எவ்வளவு நேரமாகும்?" என்றார் அமுண்ட்.

"எட்டு நிமிஷத்துல கழுவலாம். எட்டு நிமிஷத்துல கழுவினா ஒண்ணும் இருக்காது."

"புரியற மாதிரி சொல்லு."

"ராத்திரியில ஜன்னலைச் சாத்திக்கிட்டுப் படம் எடுத்த மாதிரி இருக்கு. பிலிம் மேல வெளிச்சமே விழல. விழுந்த கொஞ்சத்தை டெவலப்பர்ல ஊறவச்சு ஊறவச்சு வெளிய கொண்டுவரணும். எவ்வளவு நேரம் ஊறவைக்கணும்னு தெரியாது. குறைஞ்சாலும் போச்சு, கூடினாலும் போச்சு. ஒரு தடவைதான் செய்யமுடியும்."

இரண்டு பேரும் பத்திரிகை ஆபீசுக்கு ஓடினார்கள். அங்கே இருட்டறைச் சுவரில் ஒரு அட்டை தொங்கியது. ஐவின் கையால் எழுதியது. நானூறு பிலிமை நானூறாகவே எடுத்தால் எட்டு நிமிடம். எண்ணூறு என்று நினைத்து எடுத்தால் பத்தரை. ஆயிரத்து அறுநூறுக்குப் பதின்மூன்று. உள்ளரங்கில் நடக்கும் கைப்பந்து ஆட்டங்கள் எல்லாம் அந்தக் கணக்கு. மூவாயிரத்து இருநூறுக்குப் பதினெட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. அதற்குக் கீழே வெறும் அட்டை.

முன்வாசலில் விளம்பரம் வாங்கும் தூரிட் காபிக் கோப்பையோடு வந்து நின்றாள். ஊரில் ராக்னாவுக்கு இருக்கிற ஒரே சிநேகிதி. எதற்கும் வாய் ஓயாதவள் அன்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "ஒரு வாய் குடிடி, மொகம் சுண்ணாம்பா இருக்கு," என்று மட்டும் சொன்னாள்.

ராக்னா குடிக்கவில்லை. வெளிச்சம் அளக்கும் கருவியையும் கேமராவையும் தூக்கிக்கொண்டு பின்கட்டு முற்றத்துக்கு ஓடினாள். இன்னும் பொழுது சரியாக விடியவில்லை. அந்தப் பள்ளத்தாக்குக்கு மாசி கடைசிவரை வெயில் எட்டிப்பார்க்காது. ஊர்க்காரர்கள் வெயில் திரும்பும் நாளுக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்கள். மேலே மலைமுகடும் அதற்குப் பின்னால் சாம்பல் வானமும் மட்டும் தெரிந்தன. நேற்றுப் பொழுது சாய்ந்தபோதும் இதே வானம்தான், இதே மங்கல்தான். கருவியை முகட்டைப் பார்த்துப் பிடித்தாள். துவாரம் இரண்டே முக்காலுக்குச் சற்று மேல், ஷட்டர் இருநூற்றைம்பது என்றது முள்.

அவள் விரல்களை மடக்கி எண்ணினாள். ஷட்டரில் ஒரு படி. துவாரத்தில் மூன்று படி. மொத்தம் நாலு படி குறைச்சல்; ஒவ்வொரு படிக்கும் வெளிச்சம் பாதியாகிவிடும். நானூறு, எண்ணூறு, ஆயிரத்து அறுநூறு, மூவாயிரத்து இருநூறு, ஆறாயிரத்து நானூறு. அப்படி ஒரு எண்ணில் யாரும் அந்தப் பிலிமைக் கழுவி அவள் கேள்விப்பட்டதில்லை.

கேமராவின் அளவுகளைத் தொடாமல் முகட்டை மூன்று தடவை எடுத்தாள். பின்னால் வந்த அமுண்டுக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா, இப்ப எதுக்கு இந்த மலையைப் படம் எடுக்கிறே? அவன் என்ன இங்கயா உக்காந்திருக்கான்?"

"இது பரீட்சைத் துண்டு. அதே மங்கல், அதே அளவு. மிச்சமிருக்கிற வெத்துப் பிலிம்ல எடுத்திருக்கேன். இதை முதல்ல வெட்டி முப்பது நிமிஷம் கழுவிப் பார்ப்பேன். முகடு தெரிஞ்சா அதே நேரத்துக்கு ஸ்வெர்ரே எடுத்ததைக் கழுவுவேன். தெரியலேன்னா நேரத்தை மாத்துவேன்."

"முப்பது நிமிஷமா! நேரா அதையே கழுவேன்."

"தப்பாப் போனா?"

அமுண்ட் கடிகாரத்தைப் பார்த்தார். "சரி. ஆனா மத்த படங்களைக் கெடுத்துடாதே. காலையிலேர்ந்து எந்த வழியா போனாங்கன்னாவது தெரியும்."

"கடைசியிலேர்ந்து ஒரு சாண் மட்டும் தனியா வெட்டிக்கிறேன். அதுல ஆறு படம் வரும். மத்தது பத்திரமா இருக்கும்."

இருட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். கேமராவைத் திறந்து, விரலால் தடவி, பரீட்சைத் துண்டைக் கத்தரித்து அதை மட்டும் கழுவும் டப்பாவுக்குள் சுருட்டி மூடினாள். மிச்சத்தில் ஒரு சாண் அளந்து வெட்டி ஒரு தகர டப்பிக்குள் போட்டாள். நீளமான துண்டு இன்னொரு டப்பிக்குள் போனது. இத்தனையும் கண்ணைக் கட்டிக்கொண்டே செய்துவிடுவாள். கழுவும் டப்பாவை மூடியாகிவிட்டால் விளக்கைப் போட்டுக்கொள்ளலாம்; மருந்தை மேலிருந்து ஊற்றினால் போதும். விளக்கைப் போட்டாள். வெந்நீர்த் தொட்டியில் சூடேறிக்கொண்டிருந்த பழுப்புப் பாட்டிலை எடுத்து ஊற்றினாள். கடிகாரத்தைத் திருகினாள்.

அந்த முப்பது நிமிஷமும் அவள் மனம் ஒரு இடத்தில் நிற்கவில்லை. கால் முறிந்திருக்குமோ? கையுறை இருக்கிறதா? முந்தாநாள் சாப்பிடும்போது, 'அடுப்பைச் சுத்தம் பண்ணாமல் பையில் திணிக்காதே' என்று அவனிடம் எரிந்து விழுந்தது ஞாபகம் வந்தது. சண்டை போட்ட அந்தப் பாழாய்ப்போன கையடக்க எண்ணெய் அடுப்பு இப்போது அவனிடம் இருக்கவேண்டுமே என்று வேண்டிக்கொண்டாள். நிமிஷத்துக்கு ஒரு தடவை டப்பாவைக் குலுக்கினாள். பிறகு அந்த மருந்தைக் கொட்டி, இரண்டாவது பாட்டிலை ஊற்றி, தண்ணீரில் அலசி, மூடியைத் திறந்து, துண்டை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

வெறும் கண்ணாடி. ஒரு நிழல் இல்லை, ஒரு கோடு இல்லை.

ஆறாயிரத்து நானூறு கைகூடவில்லை என்றுதான் முதலில் நினைத்தாள்.  பிறகு பிலிமின் ஓரத்தைப் பார்த்தாள். கம்பெனியிலேயே ஓரத்தில் எண்களைப் பதித்து அனுப்புவார்கள். படம் விழுந்தாலும் விழாவிட்டாலும் டெவலப்பர் பட்டால் அந்த எண்கள் கறுத்து வந்தே தீரும். ஓரத்தில் எண்களும் இல்லை.

அவள் பாட்டில்களைப் பார்த்தாள். இரண்டும் ஒரே பழுப்பு. இரண்டையும் அவளே வெந்நீர்த் தொட்டியில் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருந்தாள். முதலில் ஊற்றிய இடது பக்கத்துப் பாட்டிலை எடுத்து முகர்ந்தாள். புளித்த நெடி மூக்கில் ஏறியது. ஹைப்போ. படம் வந்த பிறகு அதை நிலைநிறுத்த ஊற்றவேண்டிய ஹைப்போவை முதலிலேயே ஊற்றியிருக்கிறாள். அது டெவலப்பருக்கு முன்னால் பட்டால் பிலிமில் இருப்பதையெல்லாம் தின்றுவிட்டு வெறும் கண்ணாடியைக் கொடுக்கும். புதிதாக வேலைக்கு வருபவர்கள் முதல் வாரத்தில் செய்யும் பிழை. அந்த நெடி அடித்தும் அவளுக்கு உறைக்கவில்லை. முப்பது நிமிஷமும் அவள் தன் புருஷனை நினைத்துக்கொண்டு ஹைப்போவைக் குலுக்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.

தரையில் உட்கார்ந்துவிட்டாள். தகர டப்பி மேசைமேல் இருந்தது. பரீட்சை வேண்டாம், நேரா அதையே கழுவு என்று அமுண்ட் சொன்னாரே. கேட்டிருந்தால்? 

மறைத்துவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். அப்புறம் எழுந்து போய்ச் சொல்லிவிட்டாள்.

அமுண்ட் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. அவர் அவள் கைகளையே பார்த்தார். "இதைச் செய்யத் தெரிஞ்சவங்க வேற யாரு இருக்கா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"நோட்டோடன்ல ஒருத்தர் இருக்கார். இந்த ரோட்டுல போக ஒண்ணரை மணி, வர ஒண்ணரை மணி."

"அப்ப யாரும் இல்லைன்னு சொல்லு."

தூரிட் இதுவரை அடக்கிவைத்திருந்தது வெடித்தது. "அவளை ஏன்யா அப்படிப் பாக்கறீங்க? உம்ம பொண்டாட்டி பிளவுக்குள்ள கெடந்தா உமக்குக் குழாய் மாட்ட வருமா? வாடி உள்ளே. நான் பாட்டிலைப் பிடிக்கிறேன். எனக்கு உன் தொழில் தெரியாது, மூக்கு இருக்கு. நாத்தமடிக்கிறது ரெண்டாவது. அவ்வளவுதானே?"

பரீட்சையை மறுபடி செய்ய வழியில்லை. மணி எட்டு ஆகப்போகிறது, வானம் வெளுத்துவிட்டது, அந்த மங்கல் போய்விட்டது. எத்தனை நிமிஷம் என்பதை இனி அவளே தீர்மானிக்கவேண்டும். ராக்னா விளக்கை அணைத்து, தகர டப்பியைத் திறந்து, அந்த ஒரு சாண் பிலிமை விரல் நுனியால் ஓரம் பிடித்துச் சுருட்டினாள். விரல் படத்தின்மேல் பட்டுவிடாமல் பார்த்துக்கொண்டாள். மூடினாள். விளக்கு வந்தது. தூரிட் தன் சிவப்புக் கம்பளி மஃப்ளரை ஹைப்போ பாட்டிலின் கழுத்தில் முடிச்சுப் போட்டிருந்தாள்.

"இது?" என்றாள் ராக்னா.

தூரிட் முகர்ந்தாள். "நாத்தம் இல்ல. ஊத்து."

"இன்னொரு தடவை மோந்து பாரு."

"அடியே, ஊத்துடி!"

ஊற்றினாள். அட்டையைப் பார்த்தாள். ஒவ்வொரு படிக்கும் நேரம் மூன்றில் ஒரு பங்கு கூடிக்கொண்டே போகிறது. பதினெட்டுக்கு அடுத்தது இருபத்து நாலு, இருபத்தைந்து. கணக்கு வாத்தியார் இருந்தால் இருபத்தைந்து என்றே சொல்லியிருப்பார். கூடிவிட்டால் பிலிம் முழுக்கச் சாம்பல் பூத்து, வெளிச்சம் படாத இடமும் கறுக்க ஆரம்பிக்கும். முகட்டின் கோடு அந்தச் சாம்பலில் மூழ்கிப்போகலாம். பத்து நிமிஷம். பதினைந்து. கதவுக்கு வெளியே அமுண்ட் யாரிடமோ ரேடியோவில் பேசுவதும், நடப்பதும், நிற்பதும் கேட்டது. இருபது.

இருபத்தைந்தில் மணி அடித்தது. "கொட்டவா?" என்றாள் தூரிட்.

ராக்னாவின் கை டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றது. திறந்து பார்க்க முடியாது. கேட்க ஆள் இல்லை. இந்த நிமிஷத்தில் ஐவின் பக்கத்தில் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஒரு எண்ணைச் சொல்லுவான், அது சரியாகவும் இருந்து தொலைக்கும். அவளுக்கு ஒன்று மட்டும் தெரியும். சாம்பல் பூத்த நெகட்டிவை, கறுப்பையும் வெளுப்பையும் பிரித்துக் காட்டும் அழுத்தமான பேப்பரில் போட்டுப் போராடிப் பிரித்தெடுக்கலாம். ஒன்றுமே இல்லாத நெகட்டிவிலிருந்து கடவுள் வந்தாலும் எடுக்க முடியாது.

"வேண்டாம். இன்னும் அஞ்சு."

"நிச்சயமாத் தெரியுமா?"

"தெரியாது."

அந்த ஐந்து நிமிஷம் போனது. கொட்டினார்கள். தூரிட் சிவப்புத் துணி கட்டின பாட்டிலை நீட்டினாள். இரண்டு பேரும் முகர்ந்தார்கள். ஹைப்போ போய், தண்ணீர் போய், ராக்னா மூடியைத் திறந்தாள். கண்ணைத் திறந்து பார்க்கத் தைரியமில்லாமல், "ஓரத்தைப் பாரு, ஓரத்துல நம்பர் இருக்கா?" என்றாள்.

"பதினெட்டு, பத்தொம்பது, இருபது..." தூரிட் பள்ளிக்கூடப் பிள்ளைபோல் படித்தாள்.

ராக்னா ஓவென்று அழுதுவிட்டாள்.

துண்டு முழுக்கச் சாம்பல் பூத்திருந்தது. பகலில் எடுத்த மூன்று படங்கள் கரியாகக் கறுத்து, யாருக்கும் உதவாமல் போயிருந்தன. கடைசி மூன்றில், சாம்பலுக்கு மேலே இன்னும் கொஞ்சம் அழுத்தமான சாம்பலாக வானம் இருந்தது. வானத்தை வெட்டிக்கொண்டு ஒரு கோடு போனது. மலைமுகடு.

ஈரம் காயாமலே அழுத்தமான பேப்பரில் பிரிண்ட் போட்டாள். சொட்டச் சொட்ட அதைக் கொண்டுவந்து ஜன்னலோரம் வைத்ததும் அமுண்ட் குனிந்தார். இரண்டு கொம்பு மாதிரி நிற்கும் பாறையில் விரலை வைத்தார்.

"இது பாதிரிப் பிளவு. நாங்க கிழக்குப் பக்கமில்ல போறதா இருந்தோம்! அடப் பாவி ஸ்வெர்ரே, இவ்வளவு தூரமா நடந்து வந்தே?" ரேடியோவை எடுத்து ஆட்களைத் திருப்பிவிட்டார். பிறகு மறுபடி படத்தைப் பார்த்தார். முகம் சுருங்கியது. "பிளவு முந்நூறு மீட்டர் ஆழம். ரெண்டு பக்கமும் ஏழெட்டு மேடை. ஆள் எங்கே?"

கோட்டுக்குக் கீழே எல்லாம் மை. நிழலில் வெளிச்சமே விழவில்லை; விழாததை முப்பது நிமிஷம் என்ன, முந்நூறு நிமிஷம் ஊறவைத்தாலும் வராது. ராக்னாவுக்கு அது முன்பே தெரியும். தெரிந்தும் அவனைப் பார்த்துவிடலாம் என்று ஒரு மூலையில் நம்பிக்கொண்டிருந்தாள்.

"இது என்ன, தூசியா?" என்றாள் தூரிட்.

மையின் நடுவில், கீழே இடதுபக்கம், குண்டூசித் தலை அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி.

நெகட்டிவில் தூசி ஒட்டியிருந்தாலும் பிரிண்டில் வெள்ளைப் புள்ளிதான் விழும். ராக்னா உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து நெகட்டிவைப் பார்த்தாள். தூசி இல்லை. பிலிமுக்குள்ளேயே கறுத்திருந்தது. அடுத்த படத்தைப் பார்த்தாள். ஸ்வெர்ரே கொஞ்சம் நகர்ந்து எடுத்திருந்தார். கொம்புப் பாறை வலதுபக்கம் தள்ளியிருந்தது. புள்ளியும் அதே அளவு வலதுபக்கம் தள்ளியிருந்தது. மூன்றாவதில் புள்ளி இல்லை.

"நெருப்பு," என்றாள்.  "அமுண்ட், இது நெருப்பு. அவன் அங்கதான் இருக்கான். இடது சுவர். கொம்புக்கு நேர் கீழே. அங்க எந்த மேடை இருக்குன்னு உங்களுக்குத் தெரியும்."

அமுண்ட் ஒரு ரேடியோவைத் தூரிட்டின் மேசையில் வைத்துவிட்டு, ஈரப் பிரிண்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஓடினார். மணி ஒன்பது.

அதற்குப் பிறகு செய்வதற்கு எதுவும் இல்லை. அதுதான் எல்லாவற்றிலும் கொடுமை. நெருப்பு நேற்று ஆறு மணிக்கு எரிந்தது. இன்று ஒன்பது மணிக்கு என்ன எரிகிறது? ராக்னா ஜன்னலையும் ரேடியோவையும் மாறி மாறிப் பார்த்தாள். பத்தரைக்கு மலைமுகட்டின் மேல் பாதி மறைந்துவிட்டது. "பன்னெண்டுன்னு சொன்னாங்களே, பாவிங்க," என்றாள் தூரிட்.  பதினொன்றேகாலுக்கு முகடே இல்லை.

பதினொன்று நாற்பதுக்கு ரேடியோ கரகரத்தது.

"ஆள் கெடச்சாச்சு," என்றது அமுண்டின் குரல். "உயிரோட இருக்கான். பேசறான். கேக்குதா? பேசறான்!"

தூரிட் போட்ட கூச்சலில் மாடியிலிருந்து அச்சுக்கோப்பவர்கள் ஓடிவந்தார்கள். ராக்னா மேசையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அமுண்டின் குரல் விட்டு விட்டு வந்தது.

"இடது காலு முறிஞ்சிருக்கு. கால்விரல்ல ரெண்டு மூணு தேறாது போல. ராத்திரி பூரா விறைச்சுக் கெடந்திருக்கான்... பையில அடுப்பு இருக்கும்மா, எண்ணெயும் இருக்கு. பத்தவைக்கத்தான் ஒண்ணும் இல்ல. பெட்டியில இருந்த தீக்குச்சி மொத்தத்தையும் படம் எடுக்கறப்பவே ரெண்டு கத்தையாக் கொளுத்திட்டானாம்."

"எதுக்கு?" என்றாள் ராக்னா.

"துவாரத்தைத் திற, திறன்னு தொண்டை கிழியக் கத்தினானாம். காத்துல ஸ்வெர்ரேக்குக் கேக்கல. எட்டுல வச்சு எடுத்தா இருட்டுல தான் படத்துல விழமாட்டோம்னு இவனுக்குத் தெரியுமாமே. நெருப்பு மட்டும் எப்படியும் விழும், ஒரு புள்ளியா விழுந்தாலும் ராக்னா விடமாட்டா, கண்டுபிடிச்சுடுவான்னு சொல்றான். அதான் கொளுத்தினானாம்." ரேடியோவில் வேறு ஏதோ பேச்சு கேட்டது. அமுண்ட் சிரித்தார். "இரு, உன்கிட்ட ஒண்ணு கேக்கச் சொல்றான். எத்தனை நிமிஷம்னு கேக்கறான்."

"முப்பது."

கொஞ்ச நேரம் கரகரப்பு. "இருபத்தஞ்சு போதுமேங்கறான்."

அறையில் எல்லோரும் வெடித்துச் சிரித்தார்கள். தூரிட் அழுதுகொண்டே சிரித்தாள். ராக்னா மட்டும் இருட்டறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். இருந்த நெருப்பு அத்தனையையும் ஒரு நொடியில் எரித்துவிட்டு, எரியாத அடுப்பைக் கட்டிக்கொண்டு அவன் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கிறான், கீழே ஒருத்தி தப்பில்லாமல் கழுவுவாள் என்று நம்பிக்கொண்டு. அந்தத் தீக்குச்சிகளின் வெளிச்சத்தைத் தகர டப்பிக்குள் வைத்துக்கொண்டுதான் அவள் காலையில் இடது பக்கத்துப் பாட்டிலை எடுத்திருக்கிறாள்.

அவள் ரேடியோவை வாயருகே கொண்டுவந்தாள்.

"அமுண்ட்," என்றாள். "முதல்ல நான் எதை ஊத்தினேன்னு அவன்கிட்ட சொல்லிடாதீங்க. நானே சொல்லிக்கிறேன்."